குடைக்காரர் திரும்பும் இடம்

படக் கம்பெனியின் பிரதிநிதி, போகும்போது படத்தைப் பெட்டியில் கொண்டு போவான். வரும்போது ஜனங்களின் அபிப்பிராயத்தைக் காதில் கொண்டு வருவான். கொட்டகை வாசலில் ஓரமாக நின்று, வெளியே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பது என் வேலை. பிடித்திருந்தால் நிற்காமல் போய்விடுவார்கள். பிடிக்காதவர்கள்தான் நின்று, விளக்கமாகச் சொல்வார்கள். நாலு பேருக்குச் சமைத்துப் போட்டவர்களுக்கும், நாலு பேர் முன்னால் பாடியவர்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் திருவனந்தபுரத்துக்கு ஒரு தமிழ்ப் படத்தோடு போயிருந்தேன். அங்கே கேட்டவற்றைச் சொல்கிறேன்.

மிளகு மண்டி அண்ணாச்சி

கொட்டகை சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஒரு புரொஜக்டர். ஒரு பாகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த பாகத்தை மாட்டுவார்கள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் மதராஸ் ரயில் நிலையம் வரும். கதாநாயகன் ரயில் ஏறுவான். அவனுக்குப் பின்னால், கூட்டத்தில், ஒருவர் குடையோடு நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். மெல்லத் திரும்புவார். காது தெரியும், கன்னம் தெரியும். முகம் தெரிவதற்குள் இந்தக் கொட்டகையில் பாகம் முடிந்து திரை வெளுத்துவிடும். எத்தனையோ ஊர்களில் அந்தப் படத்தை ஓட்டியிருக்கிறேன். அந்த மனிதரை நான் கவனித்ததே இல்லை.

முதல் நாள் மாட்னி விட்டது. "பாட்டு கொள்ளாம், கதை போரா" என்று பாட்டை மெச்சி, கதை போதாது என்று சொல்லிக்கொண்டு சிலர் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆரியசாலையில் மிளகு மண்டி வைத்திருந்த ஒரு அண்ணாச்சி வந்தார். முகமெல்லாம் வியர்வை. நேரே என்னிடம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"படம் கெடக்கட்டும் வேய். அந்த ஸ்டேஷன்ல குடையோட நிக்கது எங்க அண்ணன்லா? யுத்தத்துக்கு முந்தியே செத்துப் போனவனை எப்படிவேய் படம் பிடிச்சீங்க?"

ஹெட்கிளார்க்கின் தோள்

யாரோ ஒருவரைப் போல இன்னொருவர் இருப்பது உலகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கரமனை அக்கிரகாரத்திலிருந்து ஒரு சர்க்கார் குமாஸ்தா வந்திருந்தார். படம் ஆவரேஜ் என்றார். காமெடி ஓவர் என்றார். கிளம்பியவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார். தங்கள் ஆபீஸில் முன்பு ஹெட்கிளார்க்காக இருந்தவர் காசிக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டாராம். அதே சரிந்த தோள், அதே குடை.

"அவர் திரும்பறதுக்குள்ள நிறுத்தினேளே, புண்ணியமாப் போச்சு. முழுசாத் திரும்பியிருந்தா, கொட்டகைன்னுகூடப் பாக்காம நான் எழுந்து நின்னிருப்பேன்."

ஆபரேட்டர் திரையைப் பார்ப்பதில்லை

மாடிக்குப் போய் ஆபரேட்டர் குட்டனைக் கேட்டேன். அந்த இடத்தில் பிலிம் குறைகிறதா? குறைகிறது என்று ஒப்புக்கொண்டார். பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்த்த அன்றே அங்கே கிழிந்ததாம். பிலிமை ஒட்டும் விதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு கட்டத்தின் மேல் ஓரத்துப் படத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே பிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி, மற்றத் துண்டை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். குட்டன் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். ஒட்டு நிற்கவில்லை. அந்த நுனியையே வெட்டி ஒரு சிகரெட் டின்னில் போட்டுவிட்டார்.

"எடுத்து மறுபடி ஒட்டிவிடுங்கள். குடைக்காரர் யார் என்று எல்லோரும் பார்த்துவிடட்டும்" என்றேன். குட்டன் டின்னைத் தொடவில்லை. அந்தக் காட்சி வந்தால் தாம் திரையைப் பார்ப்பதே இல்லை என்றார்.

"அது என்டெ அச்சன், என் அப்பா சாரே. மரிச்சுப் போனப்போ நான் ஊர்ல இல்ல. இனி அச்சன் திரும்பி நோக்கினா, நான் எந்தா பதில் பறையுது?"

பெண்கள் பக்கத்து வாசல்

பெண்களுக்குத் தனி வாசல் உண்டு. அங்கே ஒரு அம்மாள் எல்லோரும் போன பிறகும் நின்றாள். பகவதி என்று பெயர். கூட வந்த கொழுந்தனும் ஆரியசாலையில் வேறொரு மொத்தக் கடை வைத்திருந்தவன். அவளுடைய புருஷன் வேலைக்கென்று மதராஸுக்குப் போனவர். வருஷக்கணக்கில் தகவல் இல்லை. வருகிற அமாவாசையில் அவருக்குக் காரியம் செய்துவிடுவதென்று குடும்பத்தில் முடிவு செய்திருந்தார்கள். செய்தால் அவள் தாலியை இறக்க வேண்டும்.

"மதினி, சினிமாவைப் பாத்தா காரியத்தைத் தள்ளிப் போடுவாங்க? ஊரு சிரிக்கும்" என்றான் கொழுந்தன்.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"குடைய எடக்கையில அப்படிக் கக்கத்தோட சேத்துப் பிடிக்கது அவங்கதான் அண்ணாச்சி. உசிரோட இருக்காங்க. ஒரே ஒரு தடவை திரும்பச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

வெயிலில் பிடித்துப் பார்த்தது

மறுநாள் அவளை வரச் சொன்னேன். குட்டன் டின்னை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கொட்டகை முற்றத்தில் நல்ல உச்சி வெயில். துண்டை எடுத்து முதலில் நான் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் குடைக்காரர் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தார். கடைசிக் கட்டத்தில் முழுதாகத் திரும்பி நின்றார். ஆனால் குட்டனின் பிளேடு அந்தக் கட்டத்தின் மேல் ஓரத்தைத்தான் சுரண்டியிருந்தது. சட்டை இருந்தது, குடை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி போல ஒன்றுமே இல்லை, வெயில்தான் வந்தது.

"இதில் முகம் இல்லை அம்மா. சுரண்டிப் போய்விட்டது" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவள் வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டாள். கொழுந்தனும் எட்டிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லியே" என்று முணுமுணுத்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள். முதலில் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. எதிரில் யாரோ சிரித்தால் நமக்கும் வருமே, அப்படி. பிறகு அது மெல்ல நின்றது. யாரோ சொல்வதைக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முந்தானையில் விரல்களைத் துடைத்தபடி கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"அவங்கதான் தம்பி. கொஞ்சம் சதை போட்டு, நல்லாத்தான் இருக்காங்க. பக்கத்துல நிக்குத பொம்பளைகிட்டச் சிரிச்சிட்டுப் பேசுதாங்க. நீங்க அமாவாசைக்கே காரியத்தை வச்சிருங்க."

விளம்பர நோட்டீஸில் 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்' என்று போட்டிருந்தது. அந்த வரியைவிடச் சரியான அபிப்பிராயத்தை நான் எந்தக் கொட்டகை வாசலிலும் கேட்டதில்லை.