இன்ஜின் சத்தம் எங்கே போனது?

போன வியாழக்கிழமை காலை முகத்துவாரக்குப்பத்தில் மூன்று படகுகள் கடலுக்குள் பாய்ந்தன. வலை இல்லை. ஐஸ் பெட்டி இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வாயில் நுரையோடு அப்படியே ஏறிவிட்டார். கரையில் பெண்கள் தலையில் கைவைத்து நின்றார்கள்.

எதனால்? ஒரு போன் கால். சத்தம் சரியாகக் கேட்காததால் அல்ல... ரொம்பச் சரியாகக் கேட்டதால்!

அந்த போனைச் சரிசெய்து கொடுத்தவன் நான்தான்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். தேசப்பன் ஃபைபர் படகில் மீன் பிடிப்பவர். அவர் மனைவி அஞ்சலை அந்த மீனை மார்க்கெட்டில் விற்பவர். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும் - எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எந்த ஊரிலும் எந்த வேலையிலும் கால் தரிக்காதவன். படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைக்காகக் கொஞ்ச காலம் அந்தக் குப்பத்தில் கிடந்தேன். மழை வந்தது. வேலை நின்றது. அப்போது எனக்குச் சோறு போட்டது அஞ்சலை வீடு. இப்போது விம்கோ நகரில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். பக்கம்தான். மீன் குழம்பு ஞாபகம் வந்தால் பஸ் ஏறிவிடுவேன்.

தேசப்பன் கரைக்குத் திரும்பும்போது கடலிலிருந்தே போன் செய்வார். அவர் ரொம்ப தூரம் போவதில்லை என்பதால் சிக்னல் கிடைக்கும். என்ன மீன், எவ்வளவு என்று முன்னாலேயே சொன்னால்தான் அஞ்சலை அதற்கேற்ப ஐஸ் வாங்கி, ஆட்டோவுக்குச் சொல்லி, கரையில் தயாராக நிற்க முடியும். ஆனால் போனில் என்ன கேட்கும்? டடடடடட என்று இன்ஜின். ஊய்ய்ய் என்று காற்று. நடுவில் எங்கோ கிணற்றுக்குள் விழுந்துவிட்ட ஒரு மனிதர்.

ஒரு நாள் அவர் "நண்டு" என்றார். அஞ்சலைக்கு "ரெண்டு" என்று கேட்டது. ரெண்டு மீனுக்கு எதற்கு ஆட்டோ என்று அஞ்சலை நிதானமாகத் தலைக்குக் குளிக்கப் போய்விட்டார். படகு வந்து நின்றது. கூடை கூடையாக நண்டு. கரையில் ஆளில்லை!

அன்றைய சண்டைக்கு நான் சாட்சி. "வாயில கொயக்கட்டய வெச்சிகினு பேசற ஆளோட எப்டிண்ணா குடுத்தனம் பண்றது?" என்று என்னிடம் நியாயம் கேட்டார் அஞ்சலை. "என் வாய்ல ஒண்ணியும் இல்ல மாமு, அவ காதுலதான் செதிலு அடச்சிகினு கீது" என்றார் தேசப்பன்.

நான் சும்மா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. தேசப்பனின் போனை வாங்கிப் பார்த்தேன்.

தண்ணீர் படக்கூடாது என்று அதை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி வைத்திருந்தார். இரண்டு போர்வைக்குள்ளிருந்து பேசினால் யாருக்குக் கேட்கும்? ஒன்றைக் கழற்றினேன். போனின் அடியில் ஊசி முனை போல ஓர் ஓட்டை இருக்கிறதல்லவா, அதன் வழியாகத்தான் நம் குரல் உள்ளே போகிறது. காய்ந்த டூத் பிரஷ்ஷால் அதை மெல்லத் தட்டினேன். உப்பு உதிர்ந்தது. பின்னாலேயே ஒரு செதில் வந்தது. "பார்றா, செதிலு எங்க கீதுன்னு" என்றார் அஞ்சலை. (உங்கள் போனையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கடலுக்கே போகாதவர் போனில்கூட பாக்கெட் குப்பை ஒரு சிட்டிகை தேறும்.)

கொஞ்சம் முன்னேற்றம். கிணற்றுக்குள் இருந்த மனிதர் பாதி ஏறி வந்தார். அவ்வளவுதான்.

அடுத்து வண்ணாரப்பேட்டை. அங்கே பழைய போன் விற்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். சங்கதியைச் சொன்னதும் ஒரு போனை எடுத்து, அதில் ஒரு பொத்தானைக் காட்டினார். அதைப் போட்டுவிட்டால் பேசுகிறவர் குரல் மட்டும்தான் எதிர்முனைக்குப் போகுமாம். "மத்த கலீஜ் சத்தத்தல்லாம் உள்ளயே வடிகட்டிடும்" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் என் கையில் போனைக் கொடுத்து வெளியே அனுப்பினார். பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே சாய்ந்து நின்று பேசினேன். கூடவே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. உள்ளேயிருந்து பாய் சிரித்தார். "இன்னா, ஏசி ரூம்புல குந்திகினு பேசற மாதிரி கீது?"

பிறகு அவர் வெளியே போய்ப் பேச, நான் உள்ளே காதில் வைத்துக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. வட சென்னையில் அமைதி! கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான். கூட்ஸ் வண்டி சத்தத்தில் கனவு கண்டவன். இப்படி ஒன்றை என் காது கேட்டதே இல்லை. பாயின் குரல் மட்டும் வந்தது. அவர் பேச்சை நிறுத்தினால்... ஒன்றுமே இல்லை. துணியில் துடைத்த மாதிரி சுத்தம்.

போனை மாற்றிக்கொண்டு போனேன். தேசப்பன் தெருமுனையில் நின்று பேச, அஞ்சலை வீட்டுக்குள் இருந்து கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "பக்கத்துல குந்திகினுகூட இவ்ளோ தெளிவா பேசினதில்லண்ணா இந்தாளு!"

இப்போது வியாழக்கிழமை. மாற்றிய போனோடு தேசப்பன் கடலுக்குப் போன முதல் நாள்.

காலையிலேயே நான் அங்கே போய்விட்டேன். எதற்கு? பாராட்டு வாங்கத்தான். ஒளிப்பானேன்! போன் வந்தது. அஞ்சலை ஸ்பீக்கரில் போட்டார்.

"ம்மே, வஞ்சிரம் கீது. நல்ல சைஸு. ஐஸ் சொல்லிடு. வந்துகினு கீறேன்."

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அஞ்சலையைப் பார்த்தேன்.

அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"யோவ்... இன்ஜினு எங்க?"

"இன்னாது?"

"இன்ஜினு நின்னுட்ச்சா?"

"ஓடிகினு கீதும்மே."

"எனக்குக் கேக்கல. பொய் சொல்லாத."

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறேன்? வை போன" என்றவர் அவரே வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் தேசப்பனின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. அன்றும் அவர் போன் செய்தார். அன்றும் இதே மாதிரி, "நல்லா கீறேன், வந்துகினு கீறேன்" என்றார். மனைவி பயந்துவிடக்கூடாது என்று ஒரு பொய். அஞ்சலை அதை நம்பி உலை வைத்தார். மறுநாள் சாயங்காலம்தான் வேறு ஊர்ப் படகு ஒன்று, தண்ணீர்கூட இல்லாமல் மயங்கிக் கிடந்தவரை இழுத்து வந்தது. அன்றிலிருந்து அஞ்சலை, கணவர் சொல்வதைக் கேட்பதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்பார். வருஷக்கணக்காக அந்த போனில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

எனக்கு இது தெரியாது. சோறு போட்ட வீடு, தெரியாது!

அஞ்சலை திரும்பவும் போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. முகத்துவாரத்தை நோக்கி வரும்போது யாரும் போன் எடுக்கமாட்டார்கள். அங்கே மணல் மேடிட்டு, அலை கண்டபடி உடையும். அலைக்கு இடம் கொடுத்து, நேரம் பார்த்து, மெதுவாக நுழைய வேண்டும். இரண்டு கையும் சுக்கானில் இருக்கும். அது அஞ்சலைக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் தெரிந்ததெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? தெருவுக்கு ஓடி அவர் போட்ட சத்தத்தில்தான் அந்த மூன்று படகுகளும் கிளம்பின.

நானும் கரைக்கு ஓடினேன். கடைசிப் படகு இன்ஜினை முடுக்கியது. டடடடட... அப்போதுதான் மண்டையில் அடித்தது. ஜெனரேட்டர்! அதன் மேல் சாய்ந்து நின்றபோது பாய்க்கு அது கேட்கவே இல்லையே. அப்படியானால் இன்ஜின்?

"அய்யோ, நிறுத்துங்கப்பா" என்று கத்தினேன். கேட்கவில்லை. கடைசிப் படகில் போனவருக்கு போன் போட்டேன். எடுத்தார். இன்ஜின் அவர் காதுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா? இன்னாது? சத்தமா சொல்லுண்ணா... ஒண்ணியும் கேக்கல." தொண்டை கிழியக் கத்தினேன். வைத்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத் தேசப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இன்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வஞ்சிரம் கிடைத்த சந்தோஷத்தில் வந்துகொண்டிருந்தவர், எதிரே மூன்று படகுகள் வருவதைப் பார்க்கிறார். வலை இல்லை. ஐஸ் பெட்டி இல்லை. ஒருவர் வாயில் நுரை. கரையில் என்னவோ நடந்துவிட்டது என்று நினைக்கிறார். நுரைக்காரர் எழுந்து நின்று எதையோ கத்துகிறார். நான்கு இன்ஜின்களின் இரைச்சலில் ஒரே ஒரு சொல் மட்டும் வந்து விழுகிறது.

"அஞ்சல!"

அவ்வளவுதான். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கரையைப் பார்த்து இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கினார்.

கரையில் நாங்கள் பார்த்தது இதுதான். தேசப்பன் படகு வருகிறது. முகத்துவாரத்தில் எவனும் வராத வேகத்தில் வருகிறது. அலை பார்க்கவில்லை. நேரம் பார்க்கவில்லை. மேட்டில் உடைந்த ஓர் அலை படகை அடியோடு தூக்கியது. படகு செங்குத்தாக நின்றது. மீன் சரிந்து கொட்டியது. எனக்குப் பக்கத்தில் அஞ்சலை மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன். லாரி கவிழ்ந்து பார்த்திருக்கிறேன். பட்டினி பழகியவன். எதற்கும் அவ்வளவாக ஆடிப்போகாதவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் அழுத்திய ஒரு பொத்தானால் ஓர் ஆள் என் கண் முன்னால் சாகப்போகிறார்!

படகு விழுந்தது. நேராக விழுந்தது.

தேசப்பன் படகு தரை தட்டும்வரைகூடக் காத்திருக்கவில்லை. குதித்து, இடுப்புத் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். அஞ்சலைக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"நீ... நல்லாதான கீற?"

அஞ்சலை எழுந்தார். அவர் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

விஷயம் புரிந்ததும் குப்பமே சிரித்தது. நுரைக்காரர் மட்டும் பிரஷ்ஷைக் கடலில் தொலைத்துவிட்ட கோபத்தில் இருந்தார். தெறித்துப்போன மீனுக்காகத் தேசப்பன் என்னைத் திட்டிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. அஞ்சலை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் விளக்கினேன் - போன் இன்ஜின் சத்தத்தை கலீஜ், வேண்டாத குப்பை என்று நினைத்துக்கொண்டது, அதனால்தான் எடுத்துவிட்டது.

"எது கலீஜ்னு அதுக்கு எவன் சொன்னது?" என்று கேட்டார்.

உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

அன்றே பொத்தானை அணைத்துவிட்டேன். இதற்காக அந்தப் பொத்தானே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அட்ரஸ் சொல்லும்போது குரல் தெளிவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வாய் சொல்லியா தெரிந்துகொள்கிறோம்? "டீக்கடையில குந்திகினு டிராபிக்ல கீறேன்னு சொல்ற பாத்தியா" என்று கண்டுபிடிக்கிற ஊர் இது. இனி அந்தப் பொத்தானைப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே அறையிலிருந்து பேசப்போகிறார்கள். யாருமே இல்லாத அறை.

என் போனிலும் அந்தப் பொத்தானைப் போட்டுவைத்திருக்கிறேன்; அதை நான் அணைக்கவில்லை. ஊர் ஊராக அலைகிறவனுக்கு அது சௌகரியம். தவிர, எனக்குப் பின்னால் என்ன சத்தம் ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவர்கள் யாரும் இல்லை.

நேற்று திரும்பவும் குப்பத்துக்குப் போனேன். (ஆமாம், சோறு போட்டார்கள்.) போன் வந்தது. டடடடடட... ஊய்ய்ய்... கிணற்றுக்குள்ளிருந்து யாரோ என்னவோ கத்தினார்கள். அஞ்சலை அதைக் காதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். வைத்துவிட்டு, குழம்பைக் கிளறப் போனார்.

"இன்னா மீனாம்?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ஆளு நல்லா கீது."