முத்தாத புரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் தேவசகாயத்தின் கண்ணுக்குத் தனி மரியாதை இருந்தது. பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான்; உண்ணி கடித்த வடு, கத்தி பட்ட கீறல் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். உடனே தரம் பிரித்து வைப்பான். அப்படிப்பட்டவனுக்கு இடது கண் போய்விட்டது. போனது அவனுக்கே வெகுநாள் தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

முதலில் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிந்தது. நெற்றி வலித்தது. ஊர் ஊராகப் போகும் கண் வைத்தியன் ஒருவன் இமையை விரித்துப் பார்த்து, "புரை விழுது. முத்தட்டும், வந்து எடுத்துட்றேன்" என்றான். முத்துவதற்கு அதென்ன மாங்காயா? இந்த மனுஷனும் நம்பிக் காத்திருந்தான். ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்து, அதைப் பொத்திக்கொண்டான். உலகமே இருட்டாக இருந்தது. அலறிவிட்டான்.

அன்று பிடித்த பயம் பிறகு விடவில்லை. வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே பிடித்த தோலில் கீறல் தெரிந்தது. பக்கவாட்டில் வந்த வண்டிமாடு தெரியவில்லை. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாகச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். முதலாளி ரஃபி அகமது சாயபுவிடம் சொன்னால் அவர் சிரித்தார்.

"இன்னாப்பா, ஊசிமுனைத் தழும்பக் காட்டுற, கண்ணு தெரியலன்றியே!"

மனைவி அமிர்தவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. காட்பாடிக்கு ரயிலேற்றி, அங்கிருந்து ஜட்கா வைத்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் அவன் மூடிய இமைமேல் இரண்டு விரல் வைத்து மெல்ல அழுத்தினார்.

"இது புரை இல்லப்பா. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியே போக வழியில்லாம அழுத்துது. நரம்பு சாகுது. போன பார்வை திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தணும்னா, வலது கண்ணுல சின்னதா ஒரு வழி வெட்டணும்."

"தெரியுற கண்ணுலயா கத்தி? வேணாங்கய்யா. அமிர்தா, வா போலாம்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "போ. அதுக்கு முன்ன உன் வீட்டுக்காரம்மாவக் கண்ண மூடச் சொல்லி, மேலாகத் தொட்டுப் பாரு. அப்புறம் உன்னுதத் தொடு."

தொட்டான். அமிர்தவள்ளியின் கண் ஊறின தோலைப் போல விரலுக்கு இடம் கொடுத்தது. அவனுடைய வலது கண் கெட்டியாக இருந்தது. இடது கண் கூழாங்கல். ஆயுசு முழுக்கத் தோல் தடவிய விரல். அது சொல்வதை அவனால் மறுக்க முடியவில்லை. போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆபரேஷன் அன்று சொட்டு மருந்தில் கண் மரத்தது, பார்வை மரக்கவில்லை. கத்தி நெருங்கி வருவதை அந்தக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியிருந்தது. இயேசுவே என்று கூப்பிடக்கூடப் பயம். வாய் அசைந்தால் தலை அசையுமே! பிறகு இரண்டு கண்ணிலும் கட்டு. இருட்டில் அமிர்தவள்ளியின் முந்தானையைப் பிடித்தபடி கிடந்தான். அவள் தண்ணீர் கொண்டுவர எழுந்தால்கூட அவனுக்கு மூச்சு நின்றது. இனி இதுதானோ, இனி இதுதானோ என்று மனசு அடித்துக்கொண்டது.

கட்டுப் பிரித்ததும் எல்லாம் கலங்கலாக இருந்தது. சில நாளில் தெளிந்தது. அமிர்தவள்ளி அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"இப்ப ஜாஸ்தி தெரியுதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"முன்ன தெரிஞ்ச அளவுதான்."

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், அவள் உள்ளுக்குள் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தாள். அடக்க முடியாமல் அழுதாள். தேவசகாயம் தலையை மெல்லத் திருப்பி, அவள் நெற்றியைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்தான்.

"அழுவாதடி. கம்மியாவல. ஒண்ணுமே கம்மியாவல."