பாதரசம் தொட்ட மோதிரம்

உள்ளங்கையில் விழுந்ததும் சில்லென்று இருக்கும். ஒரு துளிதான், ஆனால் ஈயக்குண்டு மாதிரி கனக்கும். தண்ணீர் போல ஓடும், கை நனையாது. விரலால் தட்டினால் பத்தாகச் சிதறும். கையைக் குவித்தால் பத்தும் உருண்டு வந்து ஒன்றாகிவிடும். பாதரசத்தை வைத்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். இப்போது யாரும் விளையாடுவதில்லை. விளையாடவும் கூடாது, அது விஷம்.

எங்கள் வீட்டுக்கு அது அப்பாவால் வந்தது. அப்பா திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டர் சீட்டு எழுதுவார், அப்பா உள்ளறையில் நின்றுகொண்டு "மிச்சர்" கலப்பார். பாட்டிலின் மேல் காகிதத்தைப் பல்பல்லாகக் கத்தரித்து, வேளைக்கு இவ்வளவு என்று ஒட்டிக் கொடுப்பார். "குலுக்கிக் குடிங்க, இல்லன்னா மருந்து அடியிலயே நின்னுடும்" என்பதுதான் அவர் ஒரு நாளில் அதிகம் பேசுகிற பேச்சு. வீட்டில் அதுவும் கிடையாது.

தெர்மாமீட்டர் உடைந்தால் உள்ளே இருந்த ரசத்தைக் காகிதத்தில் ஏந்தி, காலி பென்சிலின் குப்பியில் விட்டு, ரப்பர் மூடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். சாக்கடையில் ஊற்றக் கூடாதாம். அலமாரியின் மேல்தட்டில் அந்தக் குப்பி இருக்கும். "தொட்டீன்னா தோலை உரிச்சிடுவேன்" என்று ஒரு தரம் சொன்னார். அவர் எதையும் இரண்டு தரம் சொல்ல மாட்டார். நான் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தொட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணம் பேசிய வருஷம் அது, ஐம்பதுகளின் கடைசி. நான் ஏழாவது படித்தேன். மாப்பிள்ளைக்கு விழுப்புரம். ரயிலில் ஃபயர்மேன், எஞ்சின் அடுப்பில் கரி அள்ளிப் போடுகிற வேலை. வீட்டில் தாயும் மகனும் மட்டும். பரிசம் போட வந்தபோது தட்டில் பச்சைச் சேலை ஒன்றும் மோதிரம் ஒன்றும் வைத்தார்கள். கல் வைக்காத மோதிரம், மேலே பூ வெட்டியிருக்கும். அந்த அம்மா தன் வளையலை அழித்துச் செய்தது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்க மண்டிக்குப் போயிருந்தாள். அப்பா வீட்டில் இல்லை. அக்கா மாவு ஆட்ட உட்கார்ந்தாள், மோதிரத்தைக் கழற்றினாள்.

"குடுக்கா, கொஞ்ச நேரம் போட்டுக்கினு தரேன்."

"கீழ போட்டுடாதடி" என்று கொடுத்தாள்.

விரலுக்குப் பெரிதாக இருந்தது, கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன். மோதிரம் போட்ட கையில் ரசத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியதோ தெரியாது. முக்காலி போட்டு ஏறிக் குப்பியை எடுத்தேன். துளி உருண்டு வந்து மோதிரத்தில் முட்டியது. முட்டிய இடம் வெளுத்தது. பாவாடையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வெளுப்பு சுற்றிலும் பரவி, கண்மூடித் திறப்பதற்குள் மோதிரம் முழுக்க வெள்ளியாகிவிட்டது.

குப்பியை மேலே வைத்தேன். மோதிரத்தை அக்காவின் பவுடர் டப்பாவில் போட்டு மூடினேன். "வெச்சிட்டேங்கா" என்றேன். அவள் மாவு வழித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதான். முந்தின வாரம் சயன்ஸ் டீச்சர் இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் ஒரு தாளில் போட்டுக் கலந்தார். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் இரும்பு மட்டும் சிலிர்த்துக்கொண்டு வந்து ஒட்டியது. இது கலவை, பிரிக்கலாம் என்றார். அதையே கண்ணாடிக் குழாயில் போட்டு நெருப்பில் காட்டினார். உள்ளே சிவப்பாகக் கனன்றது. ஆறியதும் குழாயை உடைத்துக் கறுப்பாக ஒரு கட்டியை எடுத்து வைத்தார். காந்தத்தைக் காட்டினால் அது அசையவே இல்லை. "இது கூட்டுப்பொருள். உள்ள இரும்பும் இருக்கு, கந்தகமும் இருக்கு. ஆனா சும்மா கையால பிரிச்சு எடுத்துட முடியாது" என்றார். தங்கம், வெள்ளி, இரும்பு, பாதரசம், கந்தகம் எல்லாம் மூலகம், வேறெதுவும் கலக்காத தனிப்பொருள், என்று போர்டில் எழுதிப் போட்டார். நாங்கள் எழுதிக்கொண்டோம்.

ஆக, அக்காவின் மோதிரம் இதில் எது? கலவையாக இருந்தால் பிரிக்கலாம், யாருக்கும் தெரியாமல் சரி பண்ணி வைத்துவிடலாம். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையிலும் டப்பாவைத் திறந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல், சீயக்காய், உப்பு. வெள்ளை இன்னும் பளபளத்ததே தவிர மஞ்சள் தெரியவில்லை. சரி, இது கூட்டுப்பொருள் ஆகிவிட்டது, தங்கம் போயே போய்விட்டது என்று முடிவு பண்ணினேன். பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், சோறு தின்றேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அக்காவும் வீட்டு வேலையில் டப்பாவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரம்மா மோதிரத்தைப் பார்க்க வந்தாள். அம்மா டப்பாவைத் திறந்தாள்.

"அடிப்பாவிங்களா! வெள்ளிக்கு முலாம் பூசிக்கினு வந்து வெச்சிட்டுப் போயிருக்குதுங்களே! பத்து நாள் தாங்கலியே!"

பக்கத்து வீட்டுக்காரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு போய்விட்டாள். இனி தெருவுக்கே தெரியும். அப்பா வந்தார். மோதிரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். குப்பியின் ஞாபகமே அவருக்கு வரவில்லை. அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பியிருந்தார். "இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சு வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நேத்து உன் கையில இருந்தப்ப எப்டிடி இருந்துச்சு?"

"மஞ்சளாத்தான்கா இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். மோதிரத்தை எனக்குக் கொடுத்ததை அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் பார்த்தேன். அக்கா அந்தப் பச்சைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள், திருப்பி அனுப்புவதற்கு. ஒரு தரம் மடித்து, மடிப்பு சரியில்லை என்று உதறி, மறுபடி மடித்தாள். மறுபடியும் உதறினாள். அழவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"நான்தாம்பா."

"என்னது?"

"ரசம். மோதிரத்துல பட்டுடுச்சு."

வாயைக் கொப்பளித்தார். உள்ளே போய்க் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "சட்டையை மாட்டிக்கினு வா, ஜல்தி" என்றார்.

தெருவில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். "விழுப்புரத்துக்கு நேத்தே கார்டு போட்டுட்டேனே, பாப்பா" என்றார். என்னிடம் யோசனை கேட்பது போல இருந்தது அது. ஸ்டேஷன் பெட்டியில் போட்டிருக்கிறார். ராத்திரி வண்டியிலேயே போயிருக்கும். என்ன எழுதினார் என்று கேட்டேன். "பொன்னு வைக்க வக்கில்லாதவங்க வீட்டுக்குப் பொண்ணு இல்லன்னு" என்றார்.

கடைத்தெருவில் நகை செய்கிற பத்தரை எழுப்பினோம். பத்தர் மோதிரத்தைப் பார்த்ததுமே சிரித்தார். "கம்பவுண்டரே, ஊருக்கெல்லாம் மருந்து கலக்குறீங்க, இது தெரியலியா? ரசம் குடிச்சிருக்குது." குமுட்டி அடுப்பைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார். எங்களைத் தூரமாக, காற்று வருகிற பக்கமாக நிற்கச் சொன்னார். இடுக்கியால் மோதிரத்தைப் பிடித்து நெருப்புக்குக் கொண்டுபோனார்.

"நெருப்புல வெக்காதீங்க! முழுசா கூட்டுப்பொருளாயிடும்!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு? காலங்காத்தால பேஜாரா கீதே" என்றார் பத்தர், கையை நிறுத்தாமல்.

வெள்ளை மங்கியது, அப்புறம் காணாமல் போனது. வெளியே எடுத்தபோது மோதிரம் களிமண் நிறத்தில் இருந்தது. பத்தர் ஆறவைத்து, கழுவி, மெருகுக் கல்லால் தேய்த்தார். பூவின் ஒரு இதழில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அப்புறம் எல்லா இதழிலும். "பொன்னு எங்கயும் போவலம்மா. ரசந்தான் மேல ஏறிக் குந்திக்கினு இருந்துச்சு. சூடு தாங்காம அது ஓடிப்போச்சு." டீச்சரின் குழாயில் இரண்டைச் சேர்த்த நெருப்பு இங்கே இரண்டைப் பிரித்துவிட்டது. இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவும் இல்லை.

பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். முண்டியம்பாக்கம் தாண்டியது. அப்பா சொன்னார், "நீ பண்ணது விளையாட்டு. நான் பண்ணதுதான் தப்பு." அவ்வளவுதான் சொன்னார்.

தபால்காரர் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். மாப்பிள்ளை ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் குளித்துவிட்டு வந்தார். நகக்கண்ணில் கரி அப்படியே இருந்தது. அவர் அம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"என்னாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம? கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு ஊட்டுக்காரர் இப்டி வந்தா எனக்குப் பயமா இருக்குதே."

"ஒண்ணுமில்லீங்க சம்பந்தியம்மா" என்றார் அப்பா. காபி வந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"போஸ்ட்!"

மாப்பிள்ளை போய் வாங்கினார். வாசலில் நின்றபடியே படித்தார். கார்டுதானே, நாலு வரி. படித்துவிட்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை என்னையும் பார்த்தார். அப்பாவின் சட்டைப்பையில் மோதிரம் சுற்றிய காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"யாருடா எழுதியிருக்கறது?" என்றாள் அந்த அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இவருதாம்மா. செவ்வாக்கிழமை வர்றேன்னு எழுதியிருக்காரு. கார்டு லேட்டு" என்று சொல்லிக் கார்டை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருடா, எவ்ளோ முறையான மனுசரு! நான்தான் என்னமோ பேசிட்டேன்." உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்தாள். அப்பா அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

ஸ்டேஷன் வரைக்கும் மாப்பிள்ளை கூட வந்தார். பிளாட்பாரத்தில் அப்பா நடந்ததையெல்லாம் சொல்லி, மோதிரத்தை எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளை அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரசம் பட்டா பொன்னு வெள்ளையாவுமா? எனக்கும் தெரியாதே மாமா. நானா இருந்தாலும் இப்டித்தான் எழுதியிருப்பேன்" என்றார். கார்டைக் கேட்டு அப்பா கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. "இன்னிக்கு எஞ்சின் அடுப்புல போட்டுடறேன். ஊட்ல யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். என்னைப் பார்த்து, "உங்கக்காவுக்குந்தான்" என்றார்.

கல்யாணம் நடந்தது. நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். அப்பா அதற்கப்புறம் விழுப்புரம் போகும்போதெல்லாம், நாளைக்கே போவதானாலும், முன்னால் ஒரு கார்டு போட்டுவிட்டுத்தான் போவார்.

அப்பா இல்லை, அம்மா இல்லை. போன வருஷம் மாமாவும் போய்விட்டார். கரி எஞ்சின் போய் எவ்வளவோ காலமாகிறது. ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு நேரே எதையோ நீட்டிக் காய்ச்சல் பார்க்கிறார்கள், தெர்மாமீட்டரை உதறுகிற கம்பவுண்டர் எங்கேயும் இல்லை. கார்டும் யாரும் போடுவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் செய்தபோது கம்பியில் குத்தி வைத்த கார்டுகள் ஒரு கொத்துக் கிடைத்தன. மாமியார் குத்தி வைத்தவை. எல்லாம் அப்பா கையெழுத்து. 'வெள்ளிக்கிழமை வருகிறேன்.' 'ஞாயிறு காலை வருகிறேன்.' அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு போட்டாராமே, அது மட்டும் இல்லடி. எங்க மாமியா சாவற வரைக்கும் அந்தக் கார்டைத்தான் சொல்லிக்கினு இருப்பாங்க. எங்க வெச்சாரோ இந்த மனுசன்" என்றாள்.

நான் கம்பியைச் சுற்றி வைத்தேன்.

"அதுல என்னாதான்டி எழுதியிருந்தாரு?"

"வர்றேன்னுதான்கா" என்றேன்.