ஒரே வட்டில் ஒரு கல்யாணம்

டிவிடி மாதிரி வட்டில் படம் எழுத மிஷின் போதும். அது எதில் ஓடும், எதில் ஓடாது என்று விளங்க வைக்கத்தான் தொண்டை வேண்டும். இதே மாதிரி கடை போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய வட்டு

மன்னார்குடியில் என் கடை. ஒருநாள் காலையில், கல்யாண வீடியோவை வட்டில் போட்டுத் தரச் சொல்லிப் பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றார். பெண் மறுநாள் புருஷனோடு சிங்கப்பூர் கிளம்புகிறாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அவள் அப்பா மண்டபத்துக்கே வரவில்லை. மகள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். டிவிடி என்றால் மூன்று நான்காகப் பிரிக்க வேண்டும். ப்ளூரே என்றால் ஒன்றிலேயே அடங்கும், ஆனால் உங்கள் வீட்டு டிவிடி பிளேயர் அதைப் படிக்காது என்று கத்தினேன். அவர் அசையவில்லை.

"கல்யாணத்த துண்டு துண்டா குடுக்கக் கூடாதுங்க. ஒண்ணாவே போடுங்க. எல்லாம் வட்டமாத்தானே இருக்கு?"

வேகம்

மெதுவாக எழுதினால்தான் பிசகாது. மனுஷன் உட்காரவேயில்லை. டீக்கடைக்குப் போவார், வருவார், டிரைவைத் தொட்டுப் பார்ப்பார். கையைத் தட்டிவிட்டேன். நடுவில் நின்றால் வட்டு குப்பைக்குத்தான் என்றதும் இரண்டடி தள்ளி நின்று முனகினார்.

"நடவாளுங்க இந்நேரம் ஒரு மா வயல நட்டு முடிச்சிக் கரையேறியிருப்பாங்க."

பொட்டு

சாயங்காலம் போன் வந்தது, ஓடவில்லையாம். காலையில் தொண்டை கிழியச் சொன்னதுதானே! லேப்டாப்பையும் ப்ளூரே டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை முறுக்கினேன். போய் வட்டை வாங்கிப் பார்த்தால் மினுங்குகிற பக்கத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். டிராக்டரோ பிரிட்ஜோ, புதிதாக எது வந்தாலும் அந்த வீட்டில் பொட்டு வைத்துத்தான் தொடுவார்களாம். படிக்கிற பக்கத்தில் வைக்கலாமா என்று பாய்ந்தேன். மாமன் சம்சாரம் நிதானமாகத் திருப்பிக் கேட்டது:

"பளபளன்னு இருக்குறதுதானுங்களே மொகம்?"

தாரை

மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, என் டிரைவில் போட்டு டிவியில் இணைத்தேன். இரண்டு முறை திணறி, மூன்றாவதில் படித்தது. கட்டிலில் அப்பா, அவர் கையைப் பிடித்தபடி மகள். திரையில் அவர் இடத்தில் நின்று தாரை வார்த்துக்கொண்டிருந்தார் மாமன், கன்னமெல்லாம் கண்ணீர். அதுவரை கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த மாமன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். படத்தை நிறுத்தச் சொன்ன அப்பா, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அழுவுறான் பாரு. நானா இருந்தா சிரிச்சிக்கிட்டே புடிச்சிக் குடுத்திருப்பேன்."

வட்டு எவ்வளவு தாங்கும் என்று கம்பெனிக்காரன் உறையிலேயே அச்சடித்து விடுகிறான், வாங்க வருகிறவர்களுக்குத்தான் அப்படி எங்கேயும் அச்சடித்திருப்பதில்லை.