தவமலரின் இடக்கை

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு லோண்டரியில் உடுப்புகளை அயன் பண்ணும் வேலை செய்த தவமலருக்கு, நாற்பத்தெட்டு வயதில்தான் முதன்முதலாக மேடையேறும் வாய்ப்புக் கிடைத்தது. 1992இல் வால்தம்ஸ்டோவில் இருந்த ஒரு தமிழ் நாடகக் குழு, ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் நாடகமாகப் போட்டது. இளமைக் காலத்துக்குப் பல்கலைக்கழக மாணவி சிவகௌரி, முதுமைக்குத் தவமலர்.

சிவகௌரி நல்ல உயரம். தவமலரோ கட்டை. "ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு சனம் நம்பாது" என்று இயக்குநர் யோகலிங்கமே கவலைப்பட்டார்.

தவமலர் ஒத்திகையில் சிவகௌரி கடிதம் எழுதும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் இடக்கைக்காரி. அன்று முதல் இரண்டு மாதம் தவமலரும் இடக்கையால் அயன் பண்ணினாள், தேத்தண்ணி ஆற்றினாள், குசினி மேசையில் இருந்து எழுதிப் பழகினாள். இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டாள். ஒத்திகையில் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

நாடகத்தன்று, இடைவேளைக்குப் பிறகு நரைத்த தலையோடு வந்த தவமலர், மேசையில் அமர்ந்து இடக்கையால் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"ஐயோ, அதே பெட்டை!" என்று முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல, மண்டபமே கைதட்டியது.

திரை விழுந்ததும் யோகலிங்கம் ஓடி வந்தார். "அக்கா, நீங்கள் இடக்கைப் பழக்கம் எண்டு எனக்குத் தெரியாதே!"

"எனக்கும் ரெண்டு மாசத்துக்கு முன்னம் தெரியாது தம்பி" என்றாள் தவமலர், தலை நிமிர்ந்து.