சாப்பாடு போகச் சம்பளம்

மூன்று வேளையும் சோறு போடுகிற கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அந்தச் சோறு எனக்கு வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று கேட்டவன் நான். கேட்டதோடு விட்டேனா? அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் புத்திசாலித்தனத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டும் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஆள் எப்படி என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் நாளானது.

வீடு கடலூர் முதுநகரில். வேலை சிதம்பரத்தில், காலேஜ் பிள்ளைகள் மொய்க்கிற ஒரு மெஸ்ஸில் சப்ளையர். என் மனைவி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆயா. இரண்டு சம்பளமும் சேர்ந்து வாடகை, அரிசி, பஸ் என்று போனதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பயமில்லை, ஆனால் ரத்த அளவு பத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஏழுதான் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கூடவே முட்டை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், முடிந்தால் வாரத்துக்கு ஒரு சுவரொட்டி என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே போக, நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். கறிக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லித் திரும்பினேன்.

இதில் வேடிக்கை, நாளெல்லாம் நான் செய்கிற வேலையே இலையிலையாய்க் கீரைக்கூட்டு வைப்பதுதான். பிள்ளைகள் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்பார்கள். என் மனைவிக்கு ஏறவேண்டிய ரத்தம் தினமும் இலையோடு மடிந்து எச்சில் தொட்டிக்குப் போகும். வீட்டுக்கு எதையும் கட்டிக்கொண்டு போகக் கூடாது, அது கடைச் சட்டம். பந்தியெல்லாம் முடிந்து நாங்கள் சாப்பிட உட்காரும்போது கூட்டும் இருக்காது, பொரியலும் இருக்காது. சோறு, சாம்பாரின் அடித்தண்ணி, மோர். வயிறு ரொம்பிவிடும், அதில் குறை சொல்லமுடியாது.

சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளியிடம் ஒரே பதில்தான். கையில் வாங்குவது மட்டுமா சம்பளம், சாப்பாட்டையும் சேர்த்துப் பார் என்று சுவரில் இருக்கும் விலைப்பலகையைக் காட்டுவார். அதைப் பார்த்தால் எனக்கே என்மேல் பொறாமை வரும். இவ்வளவு விலையுள்ள சாப்பாட்டையா தினமும் தின்கிறோம்? அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. பலகை விலைக்குச் சாப்பாட்டைப் பணமாக வாங்கினால் முட்டை என்ன, முழு ஆட்டையே வாங்கலாமே!

பரோட்டா மாஸ்டர் மட்டும் மாவை அடித்துக்கொண்டே, "மச்சான், வயித்தக் கொண்டுபோய் அடகு வைக்காத" என்றான். முதலாளியோ ஒரு பேச்சுப் பேசாமல் சரி என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்கவேண்டும்.

மாதக் கடைசியில் கவரைப் பிரித்தால், சாப்பாட்டுக்கென்று கூடச் சேர்த்திருந்தது பத்து நாள் முட்டைக்குத்தான் வரும்போல இருந்தது. பலகையைக் கை காட்டினேன். இந்தத் தடவை அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"நீ துன்னது மிச்சம் மீதிதானய்யா. அதுக்குப் போர்டு ரேட்டா கேப்ப?"

நான் கூலி கேட்டபோதெல்லாம் விருந்தாக இருந்த சாம்பார், நான் அதை விற்கப் போனதும் கழனித்தண்ணி ஆகிவிட்டது.

ஆனாலும் வந்த காசை அவளிடம் கொடுத்து முட்டை, பேரீச்சம்பழம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். காலையில் பழைய சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அது மத்தியானத்துக்கு முன்பே கரைந்துவிடும். பிறகு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசனைக்குள்ளேயே நடக்கவேண்டும். ஒரு நாள் தலை சுற்றி, ஒரு பிள்ளையின் இலைக்கும் சட்டைக்கும் சேர்த்தே பரிமாறிவிட்டேன். எக்ஸ்ட்ராவுக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்மண் தெரியாமல் சாப்பிடுவேன். தட்டில் முட்டை இருக்கும். நீ சாப்பிட்டாயா என்றால், அப்பவே ஆச்சு என்பாள். முட்டைக் கடையில் இன்று இரண்டு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பாள். முதுநகரில் எந்தக் கடைக்காரன் சும்மா இரண்டு சேர்த்துக் கொடுப்பான் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை, வாயில் முட்டை இருந்தது.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஆறரை.

என்னதான் சாப்பிட்டீர்கள் என்று நர்ஸம்மா கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். நான் என் தொப்பையைப் பார்த்தேன். அது மட்டும் அப்படியே இருந்தது. வெளியே வந்து கேட்டதற்கு, நாளெல்லாம் பட்டினியா நின்னுட்டு அந்த முகத்தோட நீங்க வந்து உக்காந்தா நான் மட்டும் எப்படி முழுங்குறது என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், பழையபடி சாப்பாடே போதும் என்றேன். தாராளமாகச் சாப்பிடு என்றார், பழைய சம்பளத்துக்கு. ஆனால் இனிமேல் எல்லோருக்கும் மத்தியானம் ஒரு வேளைதான், நீ சாப்பிடாமலே ஓட்டிக் காட்டிவிட்டாயே என்றார். பரோட்டா மாஸ்டர் அன்றைக்கு என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அடுத்த யோசனையைச் சொன்னேன். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாள் என்றால் கல்யாணத்துக்குமேல் கல்யாணம், பந்தி பரிமாற ஆள் பிடிப்பார்கள், கூலியும் உண்டு, கூட்டு பொரியல் வீட்டுக்கும் கட்டித் தருவார்கள். மார்கழி மட்டும் கழியட்டும், தையில் உனக்கு ரத்தம் ஏறுகிற வேகத்தில் ஆஸ்பத்திரியில் உன்னிடமே ரத்தம் கடன் கேட்பார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆபரேஷனே வேணாம், வுடுங்க."