கடைசி ஆள் வராமல் கிளம்புவதில்லை

மெத்தைக்கடைக்காரருக்குக் கடவுள் வாயை மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தார். முதுகுவலி என்று யாராவது கடைக்குள் நுழைந்தால் போதும், "பேசாம அஞ்சு நிமிஷம் படுங்க, மிச்சத்தை அப்புறம் பேசுவோம்" என்று படுக்க வைத்துவிடுவார். படுத்தவர் எழுந்திருப்பதற்குள் மெத்தை வண்டியில் ஏறியிருக்கும். மீசை அரும்புகிற வயதில் தலையணைக்கு உறை மாட்டும் வேலைக்கு அங்கே சேர்ந்தவர். முதலாளிக்கு முடியாமல் போனதும் கடையையே எடுத்து நடத்த ஆரம்பித்தார். அப்புறம் கல்யாணம், ஒரு பெண், அவளுக்கும் கல்யாணம், தொப்பை, சர்க்கரை என்று எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. "ஒண்ணு நடங்க, இல்ல சைக்கிள் ஓட்டுங்க" என்றார் டாக்டர். நடந்தால் தெரிந்தவர்கள் எல்லாரும் வழியில் நிறுத்திப் பேசுகிறார்கள் என்று சைக்கிள் வாங்கினார்.

"நிறுத்திப் பேசறது அவங்க இல்ல, நீங்க" என்றாள் மனைவி.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் கிளம்பும் ஒரு கூட்டம் இருந்தது. பேக்கரி நடத்தும் ஒரு பெண்தான் தலைமை. எல்லாருக்கும் அவள் 'கேப்டன்'. பஸ் டிப்போ மெக்கானிக், பல் டாக்டர், இன்னும் சிலர் அதில் உண்டு. ஊரைத் தாண்டினால் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, நடுவே கல் சுவர்கள், ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பழைய கிராமம், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தேவாலயம். முதல் தேவாலயத்தின் கோபுரம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். இரண்டாவதில் படிகள் மனிதக் கால்கள் பட்டுப் பட்டு நடுவில் குழிந்துபோயிருக்கும். மூன்றாவது குன்றின் உச்சியில். நாலாவது ஓடைக்கரையில், நீலக் கதவோடு. அதைத் தொட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியது.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒவ்வொரு தேவாலய வாசலிலும் எல்லாரும் நிற்க வேண்டும். கடைசி ஆள் வராமல் யாரும் கிளம்பக் கூடாது.

கடைசி ஆள் யார் என்று வேறு சொல்ல வேண்டுமா? மெத்தைக்கடைக்காரர் நாக்குத் தள்ள, மூஞ்சியெல்லாம் சிவந்துபோய் வந்து சேரும்போது மற்றவர்கள் வேர்வை ஆறி, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். அவர் தலை தெரிந்ததும் கேப்டன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வந்தாச்சு. கிளம்பலாம்" என்பாள். அவள் அதை வெள்ளை மனதோடுதான் சொன்னாள். இவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். கடையில் அத்தனை பேரை வாயடைக்க வைக்கிற மனிதர், அந்த வாசலில் ஒரு வார்த்தை பேச மூச்சு இல்லாமல் அசடு வழிய நிற்பார்.

அந்த வருஷம் கேப்டனுக்கு ஒரு பெரிய ஆசை கைகூட இருந்தது. மலைகளைத் தாண்டிக் கடல்வரை போகும் நீண்ட சைக்கிள் ஓட்டம் ஒன்று வருஷா வருஷம் நடக்கும். குழந்தைகள், கடை, மாமியாரின் நோய் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இப்போதுதான் பெயர் கொடுத்திருந்தாள். ரொட்டி கட்டிக் கொடுக்கும்போதுகூட வருகிறவர்களிடம் அதே பேச்சுதான்.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிறு. பல் டாக்டரின் மைத்துனன் புதிதாகக் கூட்டத்தில் சேர்ந்திருந்தான். இரண்டாவது தேவாலயத்தில் மெத்தைக்கடைக்காரர் வந்து இறங்கியதும் அவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இவர் வர்றதுக்குள்ள இதை இடிச்சிட்டுத் திரும்பக் கட்டியிருக்கலாம் போலயே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தாள். மெத்தைக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். வேறு என்ன செய்வது? உள்ளுக்குள் மானம் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது குன்றின் அடிவாரத்தில் ஒரு மண்பாதை பிரியும். பால்வண்டிகள் போகிற பாதை. குன்றில் ஏறாமல் ஓடையோரமாகச் சுற்றி நேரே நாலாவது தேவாலயத்துக்குப் போய்விடும். பல மாதமாக அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர், அன்று மற்றவர்கள் வளைவில் மறைந்ததும் ஹேண்டிலைத் திருப்பிவிட்டார். ஒரே ஒரு நாள் அவர்கள் வரும்போது தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "என்னப்பா, இவ்வளவு நேரமா?" என்று கேட்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று போனையும் அணைத்து வைத்தார். தனக்காக யார் கவலைப்படப் போகிறார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள் என்று நினைத்தார். ஒவ்வொரு வாரமும் தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்த மனிதருக்கு அன்று அந்தப் புத்தி எங்கே போனதோ!

நீலக் கதவுக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கேட்க வேண்டியதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பையிலிருந்த பன்னைத் தின்றார். யாரும் வரவில்லை. வெயில் கதவுவரை ஏறியது. பொறுக்க முடியாமல் போனைப் போட்டார். அது துள்ளித் துள்ளி அடங்கவில்லை. அடுத்த நொடி மனைவியின் அழைப்பு.

"உயிரோடதான் இருக்கீங்களா?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்களைத் தேடப்போன அந்தப் பேக்கரிப் பொண்ணு விழுந்து தோள் எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கு!"

குன்றின் உச்சியில் அத்தனை பேரும் அவருக்காக நின்றிருக்கிறார்கள். வரவில்லை என்றதும், இந்தச் சர்க்கரைக்காரர் எங்கே மயங்கி விழுந்தாரோ என்று முதலில் பதறிக் கீழே இறங்கியது கேப்டன்தான். சாலையைப் பார்க்காமல் சாலையோரப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டு வந்தவள், ஈர இலையில் சறுக்கி விழுந்திருக்கிறாள்.

மெத்தைக்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "பஞ்சர்" என்று வாய் தானாகச் சொன்னது. "ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்துல பஞ்சர் ஆயிடுச்சு, பால்வண்டிப் பாதையில தள்ளிக்கிட்டே வந்தேன். போன்ல சார்ஜ் இல்ல. யாரோ பால்காரர் இப்பதான் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்."

பொய் எவ்வளவு சுத்தமாக வந்தது என்று அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அவரை அழைத்துப் போக மெக்கானிக் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். சைக்கிளைத் தூக்கி ஏற்றும்போது டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் மாற்று டியூப் கடையில் வாங்கிய உறை பிரிக்காமல் அப்படியே தொங்கியது. மெக்கானிக்கின் கண் அங்கேயும் போனது.

"நல்லாவே ஒட்டியிருக்கீங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கேப்டன் தோளில் கட்டோடு, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இவரைக் கண்டதும், "அப்பாடா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே அண்ணா. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்" என்றாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கிக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கம்மா" என்றார். அப்படிச் சொன்ன நாக்கைப் பிடுங்கிப் போடலாமா என்று இருந்தது.

கடல்வரை போகும் ஓட்டம் அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. பேக்கரியில் அவள் கணவர் மாவு பிசைய ஆரம்பித்தார். பாவம், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர். ரொட்டி கட்டையாக வந்தது. வாடிக்கையாளர்கள் மெல்ல அடுத்த தெருக் கடைக்கு மாறினார்கள். மெத்தைக்கடைக்காரர் மட்டும் தினமும் அங்கேயே வாங்கினார்.

"சுவத்துல ஆணி அடிக்கலாம் போல இருக்கு. இதை எதுக்கு தினமும் சுமந்துட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி.

"நல்லாத்தான இருக்கு" என்று அவர் பல் வலிக்க மென்றார்.

அதைவிடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. இனி அண்ணனைத் தனியாக விடக் கூடாது என்று கேப்டன் படுக்கையிலிருந்தே சொல்லிவிட்டாள். முறை வைத்து ஒவ்வொருவராக அவர்கூடவே ஊர்ந்து வந்தார்கள். ஜோக்கடித்த மைத்துனன்கூட ஒரு வாரம் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா அங்கிள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இல்லாத பஞ்சருக்கு இத்தனை பேர் தண்டம் கட்டினார்கள். மெக்கானிக்கும் தன் முறைக்கு வந்தார். அவர் கண் அடிக்கடி அந்தப் பிரிக்காத டியூப் உறைக்குப் போனது. வெட்கம் மனிதரைப் பிடுங்கித் தின்றது. மெத்தையில் படுக்க வைக்கும் வாயும் அடங்கிப்போனது. வாங்க வந்தவர்கள் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

கட்டெல்லாம் பிரித்து, எலும்பு கூடி, கேப்டன் திரும்பி வந்த ஞாயிறன்று எல்லாரும் கை தட்டினார்கள். "இன்னிக்கு அண்ணன்கூட நான் வர்றேன்" என்றாள் அவள்.

மூன்றாவது குன்றின் அடிவாரம் வந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மண்பாதை பிரியும் இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்து, "இங்கதான பஞ்சர் ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"பஞ்சர் ஆகலம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"குறுக்குல போனேன். ஒரு நாளாவது முதல்ல போய் உட்காரணும்னு."

"போன்?"

"நான்தான் அணைச்சு வச்சேன்."

அவள் சைக்கிளை நிறுத்திவிட்டாள். அவளுடைய கை தானாகப் போய்த் தோளைத் தொட்டது. "ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள். "உங்க மஞ்சச் சட்டை எங்கயாவது தெரியுதான்னு."

அப்புறம் எழுந்து நின்று மிதித்து, வளைவில் மறைந்துவிட்டாள்.

இவர் அங்கேயே நின்றார். இடது பக்கம் பால்வண்டிப் பாதை. பின்னால் வீடு, அதுவும் பாதிக்கு மேல் இறக்கம். அதிகம் மிதிக்க வேண்டாம், போய்ப் படுத்துக்கொள்ளலாம். இனி எந்த மூஞ்சியோடு அவர்கள் முன்னால் போய் நிற்பது? ஆனால் திரும்பிப் போனால், போனவரைத் தேடிக்கொண்டு மறுபடி யாராவது இந்த இறக்கத்தில் இறங்குவார்களோ என்ற பயம் வந்தது. போனை எடுத்து, அது போட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஏற ஆரம்பித்தார். பாதி ஏற்றத்தில் இறங்கி, கண் கலங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இந்நேரம் கிளம்பிப் போயிருப்பார்கள், போயிருந்தால் நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டார்.

உச்சியில் தேவாலயச் சுவரோரம் அத்தனை சைக்கிளும் சாய்ந்திருந்தன. அவள் சொல்லிவிட்டாள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. பல் டாக்டர் எங்கோ பார்த்தார். மெக்கானிக் குனிந்து செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேப்டன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"வந்தாச்சு" என்றாள். "கிளம்பலாம்."

ஒவ்வொருவராகப் போனார்கள். அவரோடு சேர்ந்து வர யாரும் நிற்கவில்லை. அவர் வழக்கம்போல் கடைசியாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார். நாலாவது தேவாலயத்தின் நீலக் கதவுக்கு முன்னால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.